171, 280, 330: மூன்று விமானங்களின் வேகக் கணக்கு

ஆர்வி-10, லான்செயர் 4-பி, டிபிஎம் 900. மூன்றுமே மூக்கில் ஒரே ஒரு புரொப்பல்லர் கொண்ட விமானங்கள். முதல் இரண்டும் உரிமையாளர்கள் பாகங்களாக வாங்கித் தாங்களே கட்டிக்கொண்டவை. மூன்றாவது, பிரான்ஸில் உள்ள டாஹேர் நிறுவனத்தின் தொழிற்சாலையில் முழுமையாகத் தயாராகி வந்தது. இவற்றின் பயண வேகம் முறையே சுமார் 171, 280, 330 நாட். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். ஆகவே மணிக்கு ஏறக்குறைய 317, 519, 611 கிலோமீட்டர்.

எண்களை அடுத்தடுத்து வைத்துவிட்டால் ஒப்பீடு முடிந்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் அங்கேதான் ஒப்பீடு தொடங்க வேண்டும். இந்த மூன்று வேகங்களும் ஒரே உயரத்தில் எட்டப்பட்டவை அல்ல. ஆர்வி-10க்கு 8,000 அடி, லான்செயருக்கு 24,000 அடி, டிபிஎம்முக்கு 28,000 அடி. உயரத்தைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் சொன்னால் அது பாதிச் செய்திதான்.

முதலில் இரு தரப்பையும், அதாவது தாமே கட்டிய விமானங்களையும் டிபிஎம் போன்ற டர்போபிராப் விமானங்களையும், அறிமுகப்படுத்திவிடுகிறேன். அமெரிக்காவில் தாமே கட்டிய விமானங்களுக்கு 'சோதனை வகை' என்ற பிரிவில் சான்று கிடைக்கிறது. கட்டுமானத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கை, கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ அதில் இறங்கியவர்கள் செய்திருக்க வேண்டும். இதைத்தான் '51 சதவீத விதி' என்கிறார்கள். இப்படிக் கட்டிய விமானம், தொழிற்சாலை விமானங்களுக்கான வடிவமைப்புச் சான்று விதிகளுக்கு உட்பட வேண்டியதில்லை. இந்த விலக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லான்செயரின் வேகத்துக்கும் அதன் ஆபத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

டர்போபிராப் என்பது புரொப்பல்லரைச் சுழற்றும் வாயுச் சுழலி எஞ்சின். உள்ளே வரும் காற்று அழுத்தப்பட்டு, எரிபொருளுடன் எரிந்து, சூடான வாயுவாகப் பாய்ந்து சுழலிகளைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சியைப் பற்சக்கரங்கள் மட்டுப்படுத்திப் புரொப்பல்லருக்குக் கொடுக்கின்றன. சிறிய டர்போபிராப்களில் பெரும்பாலும் காணப்படுவது பிராட் அண்டு விட்னி கனடாவின் பிடி6 குடும்ப எஞ்சின். 1960இல் முதன்முதலாக ஓட்டிப் பார்க்கப்பட்ட அந்த வடிவமைப்பு இன்றும் உற்பத்தியில் இருக்கிறது.

வேகமானி காட்டுவது எதை?

விமானத்தின் வேகமானி உண்மையில் ஓர் அழுத்தமானி. முன்னோக்கி நீண்டிருக்கும் பிட்டாட் குழாய்க்குள் எதிர்க்காற்று எவ்வளவு அழுத்தத்துடன் மோதுகிறது என்பதை அளந்து, அதை வேகமாகக் காட்டுகிறது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. அதே வேகத்தில் பறந்தாலும் குழாய்க்குள் மோதும் அழுத்தம் குறைகிறது, முள்ளும் இறங்குகிறது. இதனால் விமானிகளுக்கு இரண்டு வேகங்கள் உண்டு: கருவி காட்டும் வேகம் ஒன்று, காற்றினூடே விமானம் செல்லும் உண்மை வேகம் மற்றொன்று. விளம்பரங்களில் வருவது உண்மை வேகம்.

ஆயிரம் அடிக்கு 2 சதவீதம் கூட்டிக்கொள் என்பது விமானிகளின் மனக்கணக்கு. தரநிலை வளிமண்டல அட்டவணைப்படி சரியாகச் சொன்னால், 8,000 அடியில் உண்மை வேகம் 13 சதவீதம் கூடுதல். 24,000 அடியில் 47 சதவீதம். 28,000 அடியில் 58 சதவீதம். நம் மூன்று எண்களையும் இந்த அளவுகளால் வகுத்துப் பாருங்கள். ஆர்வி-10இன் 171 நாட், கருவியில் சுமார் 152. லான்செயரின் 280, கருவியில் 190. டிபிஎம்மின் 330, கருவியில் 210. கருவிப் பிழை, காற்று அமுக்கப்படுவதால் வரும் சிறு திருத்தம் ஆகியவற்றை ஒதுக்கிவைத்த கணக்கு இது.

ஆர்வி-10க்கும் டிபிஎம்முக்கும் இடையே இருந்த 159 நாட் இடைவெளி 58 ஆகச் சுருங்கிவிட்டது. இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இறக்கையும் உடலும் உணரும் காற்று, ஏறத்தாழ கருவி காட்டும் அந்த வேகத்தின் காற்றுதான். விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் இழுவை விசையும் அதைப் பொறுத்ததே. 28,000 அடியில் 330 நாட் வேகத்தில் போகும் டிபிஎம், கடல் மட்டத்தில் 210 நாட்டில் போவதற்கு எவ்வளவு இழுவையைச் சந்திக்குமோ கிட்டத்தட்ட அவ்வளவையே சந்திக்கிறது. மீதி 120 நாட்டைத் தந்தது உயரம்.

அப்படியானால் எல்லா விமானங்களும் ஏன் 28,000 அடிக்கு ஏறிவிடக் கூடாது? இழுவை மாறாவிட்டாலும், தேவைப்படும் திறன் மாறுகிறது. திறன் என்பது இழுவையையும் உண்மை வேகத்தையும் பெருக்கி வருவது. கருவி வேகம் அப்படியே இருக்க, உண்மை வேகம் 58 சதவீதம் கூடினால், எஞ்சினும் 58 சதவீதம் கூடுதல் திறனைத் தர வேண்டும். காற்று மெலிந்த இடத்தில், எந்த எஞ்சினும் தளரும் இடத்தில், அது கூடுதலாக உழைக்க வேண்டும். உயரம் இலவசமாகக் கிடைப்பதில்லை.

மெல்லிய காற்றில் எஞ்சின்

சாதாரணப் பிஸ்டன் எஞ்சின், மலையேறுகிறவரைப் போல, உயரப் போகப் போக மூச்சு வாங்கும். 18,000 அடியில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் பாதிதான். 8,000 அடியில் எரிபொருள் கைப்பிடியை முழுவதும் தள்ளினாலும் ஏறக்குறைய 75 சதவீதத் திறன்தான் வரும். தாமே கட்டும் விமானங்களின் விவரத்தாள்களில் '8,000 அடியில் 75 சதவீதத் திறன்' என்று அடிக்கடி எழுதியிருப்பது இதனால்தான். அதற்குக் கீழே காற்று அடர்த்தி அதிகம். அதற்கு மேலே எஞ்சின் இளைத்துப்போகிறது. ஆர்வி-10இன் 260 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அந்த உயரமே உகந்தது.

லான்செயர் 4-பி இந்தத் தடையை டர்போசார்ஜரால் தாண்டுகிறது. அதன் 350 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சினில் இரண்டு டர்போசார்ஜர்கள் உண்டு. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, மெல்லிய காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவது அவற்றின் வேலை. அதனால் 24,000 அடியிலும் எஞ்சின் தரைக்கருகில் இருப்பதுபோலவே சுவாசிக்கிறது. உள்ளே இருப்பவர்களும் சுவாசிக்க வேண்டுமே! அதற்காக இதன் அறை அழுத்தமூட்டப்பட்டது. பெயரிலுள்ள 'பி' அதைத்தான் குறிக்கிறது.

டர்போபிராப்பின் உத்தி வேறு. சுழலி எஞ்சினும் உயரத்தில் திறனை இழக்கிறது. ஆனால் அதற்காகவே அளவுக்கு மீறிப் பெரிய எஞ்சினைப் பொருத்திக் கடிவாளம் போட்டுவிடுகிறார்கள். டிபிஎம் 900இல் உள்ள பிடி6 எஞ்சினின் வெப்ப இயக்கத் திறன் 1,825 குதிரைத்திறன். விமானத்தில் அதற்கு அனுமதிக்கப்பட்டதோ 850தான். புறப்படும்போது பாதிக்கு மேல் கையிருப்பாகக் கிடக்கிறது. உயரம் கூடக் கூட அந்தக் கையிருப்பு கரைகிறது. புரொப்பல்லருக்குப் போகும் 850 நெடுந்தூரம் குறையாமல் நிற்கிறது. சுழலி எஞ்சின் தன் திறனுக்கு மிக இலேசானது என்பதால்தான் இப்படிச் செய்ய முடிகிறது. 1,825 குதிரைத்திறனுக்கு ஒரு பிஸ்டன் எஞ்சினைக் கட்டினால், அதைச் சுமப்பதற்கே இன்னொரு விமானம் வேண்டியிருக்கும்.

இங்கே புதிதாகக் கட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். ஆர்வி-10க்கும் ஒரு டர்போசார்ஜரைப் பூட்டி 20,000 அடிக்கு ஏறிவிடலாமே என்ற ஆசை எளிதில் வரும். அதன் தாண்டக்கூடாத வேக வரம்பு மணிக்கு 230 மைல், அதாவது 200 நாட். வடிவமைத்த வான்ஸ் நிறுவனம் இதை உண்மை வேகமாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இறக்கையும் வால்பகுதியும் கட்டுக்கடங்காமல் அதிரும் 'ஃபிளட்டர்' என்ற நிலை உண்மை வேகத்தோடு பெரிதும் தொடர்புடையது. உயரத்தில் வேகமானி 150 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே விமானம் வரம்பைத் தொட்டிருக்கக்கூடும். எஞ்சினை மாற்றுபவர்கள் உடலின் வரம்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

குதிரைத்திறனைக் கூட்டினால் போதாதா?

ஒரே உயரத்தில் வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றின் இழுவை ஏறக்குறைய நான்கு மடங்காகும். தேவையான திறன் எட்டு மடங்காகும். வெறும் 10 சதவீத வேகத்தைக் கூட்டவே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் திறன் வேண்டும். ஆர்வி-10 அதே 8,000 அடியில் 171இலிருந்து 200 நாட்டுக்குப் போக நினைத்தால், பயன்படுத்தும் 195 குதிரைத்திறனை ஏறக்குறைய 310க்கு உயர்த்த வேண்டியிருக்கும். 29 நாட்டுக்காக ஏறக்குறைய 115 குதிரைகள்!

டர்போபிராப் என்றாலே வேகம் என்ற எண்ணத்தை உடைக்க செஸ்னா கேரவான் ஒன்று போதும். அதில் இருப்பதும் பிடி6தான், 675 குதிரைத்திறன். அதிகபட்சப் பயண வேகம் சுமார் 185 நாட். 260 குதிரைத்திறன் கொண்ட ஆர்வி-10ஐவிட 14 நாட்தான் கூடுதல். கேரவான் மோசமான விமானம் அல்ல. செப்பனிடாத ஓடுதளங்களில் சரக்கையும் பயணிகளையும் இறக்கி ஏற்றுவதற்காகப் படைக்கப்பட்டது. அகலமான உடல், மடங்காத சக்கரங்கள், பெரிய இறக்கை. எஞ்சினின் திறன் சுமையைத் தூக்குவதில் செலவாகிறது.

இதற்கு நேர் எதிர் முனையில் நிற்பது லான்செயர். என் கணிப்பில் இந்தக் கட்டுரையில் வரும் விமானங்களிலேயே பொறியியல் நோக்கில் மிகச் சுவையானது இதுதான். காரணத்தைப் புரிந்துகொள்ள அதன் நெருங்கிய உறவினரோடு ஒப்பிட வேண்டும்.

லான்செயர் நிறுவனத்தினர், உரிமையாளர்களே கட்டும் விமானங்களில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு, முழுச் சான்று பெற்ற கொலம்பியா வரிசை விமானங்களை உருவாக்கினார்கள். அதில் டர்போசார்ஜர் பூட்டியது கொலம்பியா 400. 2007இல் செஸ்னா அதை வாங்கி, பின்னாளில் டிடிஎக்ஸ் என்ற பெயரில் விற்றது. 4-பியின் உச்சப் புறப்பாட்டு எடை சுமார் 1,610 கிலோ. கொலம்பியா 400இன் எடை சுமார் 1,630 கிலோ. இரண்டிலும் நான்கு இருக்கைகள், கூட்டுப்பொருளால் ஆன வழவழப்பான உடல், ஒரே எஞ்சின் குடும்பம். ஆனால் கொலம்பியாவின் உச்சப் பயண வேகம் 25,000 அடியில் 235 நாட். லான்செயரைவிட 45 நாட் குறைவு.

எஞ்சின் வித்தியாசம் ஒரு பகுதியை விளக்கும்: 310 எதிர் 350 குதிரைத்திறன். சக்கரங்கள் இன்னொரு பகுதியை விளக்கும்: லான்செயரில் அவை மடங்கி உள்ளே போகும், கொலம்பியாவில் வெளியே நிற்கும். ஆனால் கண்ணில் அறைவது இறக்கைதான். கொலம்பியாவின் இறக்கைப் பரப்பு 141 சதுர அடி. லான்செயருக்கோ 98 சதுர அடி மட்டுமே. அதே எடையைத் தூக்க மூன்றில் இரண்டு பங்கு இறக்கை. காற்றில் உரசும் பரப்பு சுருங்கினால் இழுவை குறைகிறது.

கொலம்பியாவை வடிவமைத்தவர்கள் ஏன் இந்தச் சிறிய இறக்கையை வைக்கவில்லை? அன்றைய அமெரிக்கச் சான்று விதிப்படி, கூடுதல் விபத்துத் தாங்குதிறன் நிபந்தனைகளை ஏற்காத ஒற்றை எஞ்சின் விமானம் 61 நாட் வேகத்துக்குள் 'ஸ்டால்' ஆக வேண்டும். ஸ்டால் என்றால், வேகம் குறைந்து இறக்கை தூக்கும் விசையை இழக்கும் நிலை. தரையிறங்கும் வேகத்தை இந்த எண்ணே தீர்மானிக்கிறது. எஞ்சின் நின்று வயலில் இறங்க நேர்ந்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பையும் இதுவே பெரிதும் தீர்மானிக்கிறது. அந்த விதியை நிறைவேற்றப் பெரிய இறக்கை வேண்டும். சோதனை வகை விமானத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இறக்கையைச் சுருக்கி, அந்தப் பாதுகாப்பு இடைவெளியை வேகமாக மாற்றிக்கொள்ளலாம்.

இந்தப் பண்டமாற்றுக்கு உயிர்கள் விலையாகப் போயிருக்கின்றன. லான்செயர் வகை விமானங்களில் நடந்த உயிரிழப்பு விபத்துகள், அந்த விமானங்களின் எண்ணிக்கைக்கு மீறி இருந்ததால், 2009இல் அமெரிக்கக் கூட்டாட்சி விமான நிர்வாகம் அவற்றின் விமானிகளுக்குத் தனி அறிவிப்பு வெளியிட்டது. குறைந்த வேகத்தில் பறப்பதிலும் ஸ்டால் நிலையைத் தவிர்ப்பதிலும் சிறப்புப் பயிற்சி பெறுமாறு அது வலியுறுத்தியது. 280 என்ற எண்ணை வியந்து பேசுகிற எவரும் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

டிபிஎம் 900இன் இறக்கையும் எடைக்கு ஏற்பச் சிறியதுதான்: சுமார் 3,350 கிலோவுக்கு 194 சதுர அடி. சதுர அடிக்கு விழும் சுமை லான்செயரைவிடச் சற்றே கூட. ஆனால் அது கூடுதல் நிபந்தனைகளை ஏற்று, சோதிக்கப்பட்டு, சான்று பெற்றது. இறக்கையின் பின்விளிம்பில் பெரும்பகுதிக்கு நீளும் பெரிய ஃபிளாப்புகள் (கீழே இறக்கக்கூடிய மடிப்புப் பலகைகள்) தரையிறங்கும்போது அதைத் தாங்குகின்றன.

ஒரு நாட் வேகத்துக்கு என்ன செலவு?

திறனை வேகத்தால் வகுத்துப் பார்ப்பது முரட்டுக் கணக்கு, ஆனால் நிறையச் சொல்கிறது. ஆர்வி-10 ஒவ்வொரு நாட்டுக்கும் 1.14 குதிரைத்திறனைச் செலவழிக்கிறது. லான்செயர் 75 சதவீதத் திறனில், அதாவது சுமார் 262 குதிரைத்திறனில், 0.94. டிபிஎம் ஏறக்குறைய 2.6. மூன்றிலும் சிக்கனமானது, வேகத்தில் இரண்டாவதாக நிற்கும் லான்செயர்!

எரிபொருளிலும் இதே கதைதான். லான்செயர் மணிக்கு 70 லிட்டரை ஒட்டிய பெட்ரோலோடு 280 நாட்டில் போகிறது. டிபிஎம் உச்சப் பயண வேகத்தில் மணிக்குச் சுமார் 227 லிட்டர் ஜெட் எரிபொருளைக் குடிக்கிறது. ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தருவதற்கு, சிறிய சுழலி எஞ்சினுக்கு நல்ல பிஸ்டன் எஞ்சினைவிடக் கூடுதல் எரிபொருள் தேவை. தாழப் பறந்தால் இந்தப் பசி இன்னும் மோசமாகும். டர்போபிராப் விமானிகள் புறப்பட்டவுடன் மேலே ஓடுவதற்கு இதுவும் காரணம். டிபிஎம் 900 சுமார் 19 நிமிடத்தில் 31,000 அடியை எட்டிவிடும்.

டிபிஎம் அந்தச் செலவுக்கு ஈடாகத் தருவது என்ன? லான்செயரைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட எடை, ஆறு இருக்கைகள், பனிக்கட்டி படிவதை எதிர்க்கும் சாதனங்கள், நீண்ட காலம் தொல்லையில்லாமல் உழைக்கும் எஞ்சின். 24,000 அடியில் கடுமையாக அழுத்தப்பட்டு, சூடேறி உழைக்கும் பிஸ்டன் எஞ்சினுக்கு இடைவிடாத கண்காணிப்பு தேவை. கடிவாளம் போட்ட சுழலி எஞ்சின் தன் எல்லைக்கு வெகு கீழேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

எண்களின் நம்பகத்தன்மையும் இரு தரப்புக்கும் ஒன்றல்ல. டிபிஎம்மின் வேகம் அதன் கையேட்டில் எடை, வெப்பநிலை, உயரம் வாரியாக அட்டவணையாக இருக்கிறது. ஒரே மாதிரியில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு குறைவு. கட்டிய விமானங்களில் விற்பவர் தரும் எண் பெரும்பாலும் நிறுவனத்தின் செம்மையான மாதிரி விமானத்தில் அளந்தது. எஞ்சின் மூடியின் பொருத்தம், குளிரூட்டும் காற்று நுழையும் துளைகளின் அளவு, கதவு விளிம்பின் சிறு மேடு, வண்ணப்பூச்சின் வழவழப்பு என ஒவ்வொன்றும் சில நாட்டுகளைத் தின்னும். விளம்பரம் 'மணிக்கு மைல்' என்ற அலகில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 171 நாட், மைலில் 197 ஆகத் தெரியும்.

கட்டியவர்கள் தங்கள் விமானத்தின் உண்மை வேகத்தைச் சோதிக்க நல்ல வழி இருக்கிறது. ஒரே உயரத்தில், ஒரே திறனில், கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நான்கு திசைகளிலும் பறந்து, ஜிபிஎஸ் காட்டும் தரை வேகத்தைக் குறித்துக்கொண்டு சராசரி எடுக்கிறார்கள். ஒரு திசையில் உதவிய காற்று எதிர்த்திசையில் தடுப்பதால் அதன் விளைவு பெருமளவு கழிந்துபோகிறது. பின்காற்றில் ஒரே ஒரு முறை எடுத்த ஜிபிஎஸ் படத்தைக் காட்டி 'என் விமானம் 300 நாட்' என்று சொல்பவரிடம் மற்ற மூன்று திசைகளையும் கேளுங்கள்.

கடைசியில் பயணத்துக்கு வருவோம். 500 கடல் மைல், அதாவது 926 கிலோமீட்டர். காற்று இல்லாத நாளில், ஏறி இறங்கும் நேரத்தை விட்டுவிட்டால், டிபிஎம்முக்கு 91 நிமிடம், லான்செயருக்கு 107, ஆர்வி-10க்கு 175. 50 நாட் வேறுபாடு வெறும் 16 நிமிடமாகிறது. எதிர்க்காற்று வந்தால் கதை மாறும். மேலே 60 நாட், 8,000 அடியில் 20 நாட் என்று வைத்துக்கொண்டால் 111, 136, 199 நிமிடங்கள். லான்செயருக்கும் ஆர்வி-10க்கும் இடையே 68 நிமிடமாக இருந்த இடைவெளி 63 ஆகக் குறைகிறது. டிபிஎம்முக்கும் லான்செயருக்கும் இடையே இருந்தது 25 ஆக விரிகிறது. காற்றில்லாத நாளில் 200 கடல் மைல் பயணமானால் டிபிஎம்முக்கும் லான்செயருக்கும் இடையே ஏழு நிமிடம்தான். அவ்வளவு குறுகிய தூரத்துக்கு 28,000 அடிக்கு ஏறுவதில் பொருளும் இல்லை.

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே வேலி இல்லை. கட்டிய லான்செயர் 4-பி சிலவற்றில் பிஸ்டனுக்குப் பதிலாகச் செக் நாட்டு வால்டர் சுழலி எஞ்சின் பொருத்தப்பட்டது. பின்னர் வந்த லான்செயர் எவல்யூஷன், தொடக்கத்திலேயே பிடி6க்காக வரையப்பட்ட நான்கு இருக்கை விமானம். 750 குதிரைத்திறன், 300 நாட்டுக்கு மேல். எபிக் நிறுவனம் பாகங்களாக விற்ற எல்டி, 1,200 குதிரைத்திறன் பிடி6 கொண்ட ஆறு இருக்கை டர்போபிராப். அதையே ஆதாரமாகக் கொண்ட இ1000, 2019இல் அமெரிக்காவில் முழுச் சான்று பெற்று, டிபிஎம்முக்கு நேரடிப் போட்டியாக 330 நாட்டைத் தொடும் வேகத்துடன் தொழிற்சாலையிலிருந்தே வரத் தொடங்கியது.